பல் வைத்தியத்தில் சிரிப்பு வாயு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. இதைச் சொன்னவர் பல்வலியை ஏன் விட்டுவிட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் மென்ற காலத்தவராகையால் அவருக்கு அது வராமலே இருந்திருக்கலாம். ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து, விடுதிச் சாப்பாட்டையும் கடைத்தெருப் பால் இனிப்புகளையும் நம்பி வாழும் நம் நண்பர்கள் பலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பல் வைத்தியரின் நாற்காலியில் சாயும் நாள் எல்லாருக்கும் ஒருநாள் வந்தே தீருகிறது.

அப்படிச் சாய வேண்டியிருந்த நண்பர் ஒருவர், நம் சங்கக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் என்னைத் தனியே அழைத்து, "பல்லைப் பிடுங்கும்போது மூக்கில் ஏதோ வாயுவைப் பிடிக்கிறார்களாமே! அதற்குப் பெயர் சிரிப்பு வாயுவாமே! சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட மாட்டேனே?" என்று கேட்டார். அவர் கேட்ட விதம் வேடிக்கையாக இருந்தாலும் கேள்வி வேடிக்கையானதன்று. அதற்குரிய விடையைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் ரசாயனம் பயிலும் மாணவன், வைத்தியன் அல்லன். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விதி கூறுவது என் வேலையன்று. அந்த வாயுவின் குணம் யாது, அதனால் தீங்கு நேருமானால் எந்த வழியாக நேரும், அந்த வழிகளை எப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பவற்றை மட்டும் கூறுவேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் வைத்தியரின் அறையில் இந்த வாயுவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது தனியே வருவதைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

அதன் ரசாயனப் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. நைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் சேர்ந்தது அதன் மூலக்கூறு. நிறமில்லை, இலேசான இனிய மணம் உண்டு, காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமுள்ளது. பி.எஸ்ஸி. வகுப்பில் இதைப் பற்றி ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். அணைந்து கனன்றுகொண்டிருக்கும் தீக்குச்சியை இவ்வாயு நிரம்பிய குடுவைக்குள் விட்டால், பிராணவாயுவில் விட்டது போலவே அது மீண்டும் சுடர்விட்டு எரியும். இதைப் பார்த்த மாணவர்களில் ஒருவராவது, "நெருப்பை வாழவைக்கும் வாயு மனிதனை வாழவைக்காதா?" என்று கேட்பது வழக்கம். கணக்கும் அவர் பக்கமே இருப்பதாகத் தோன்றும். காற்றில் பிராணவாயு 21 சதவீதந்தான். நைட்ரஸ் ஆக்சைடைப் பிரித்தால் கிடைக்கும் கலவையிலோ மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு. அப்படியானால் இது காற்றினும் சிறந்ததன்றோ?

அன்று. "பிரித்தால்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தீக்குச்சியின் தணல் பல நூறு பாகை வெப்பமுடையது. அந்த வெப்பத்தில் மூலக்கூறு உடைந்து பிராணவாயு விடுதலை பெறுகிறது. நம் உடம்பின் வெப்பம் 37 பாகை. அதில் அந்த மூலக்கூறு உடைவதில்லை. நுரையீரலுக்குள் முழுதாகச் சென்று, இரத்தத்தில் கரைந்து, மூளைக்குப் போய்த் தன் வேலையைச் செய்துவிட்டு, முழுதாகவே மூச்சில் வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் இருக்கும் பிராணவாயு, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம். பட்டினி கிடப்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த வாயுவை மட்டும் முகர்பவன், ரசாயனப்படி பிராணவாயுவுக்கு நடுவிலேயே, மூச்சு முட்டிப்போவான்.

இச்சிறு உண்மையை வைத்திய உலகம் உணர்ந்து நடக்க நெடுங்காலம் ஆயிற்று. 1772-இல் இவ்வாயுவை முதன்முதல் தயாரித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. அதைத் தாமே முகர்ந்து முகர்ந்து சோதித்தவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிஸ்டல் நகரில், வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முயன்ற ஒரு நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். தம் ஆராய்ச்சிகளை 1800-இல் பெரிய நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 21. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஈறு வீங்கி வலித்த சமயத்தில் வாயுவை முகர்ந்ததும் வலி குறைந்ததை அவர் கண்டார். இரத்தப்பெருக்கு மிகாத ரணசிகிச்சைகளில் இதைப் பயன்படுத்தலாம் போலும் என்றும் எழுதினார். எழுதியதோடு சரி. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைக் கூட்டங்களில் முகர்ந்து சிரிக்கத்தான் வாயு பயன்பட்டது.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் அத்தகைய காட்சி ஒன்றை நடத்தினார். முகர்ந்தவர்களில் ஒருவர் துள்ளிக் குதித்ததில் காலில் நல்ல அடி. ஆனால் அடிபட்டதே அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியருக்கு மட்டும் அதன் பொருள் விளங்கிற்று. மறுநாளே அவர் கோல்ட்டனை வரவழைத்து வாயுவைத் தாம் முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்ற சக வைத்தியரைக் கொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்தார். வலி இல்லை. ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மாணவர்கள் முன்னிலையில் அவர் செய்துகாட்டியபோது, வாயுப்பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டதால் நோயாளி கூவிவிட்டார். கூடியிருந்தோர் மோசடி என்று நகைத்தனர். வெல்ஸ் அந்த அவமானத்திலிருந்து மீளவேயில்லை. 1848-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வலியின்றிப் பல் பிடுங்கும் வழியைக் கண்டவர் அவரே என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் ஒப்புக்கொண்டது 1864-இல்.

1863-இல் கோல்ட்டன் மறுபடியும் இந்த முறையைக் கையில் எடுத்து ஊரறியச் செய்தார். அக்காலத்தில் கொடுத்தது தனி வாயு. பிராணவாயு ஒரு துளியும் கலவாதது. பையிலிருந்து முகர்ந்த சிறிது நேரத்தில் நோயாளி நினைவிழப்பார். முகமும் உதடும் நீலம் பாயும். சில சமயம் கைகால் இழுக்கும். வைத்தியர் மளமளவென்று பல்லைப் பிடுங்கிவிட்டுப் பையை விலக்குவார். நோயாளி காற்றை உள்ளிழுத்துக் கண் விழிப்பார். அந்த நீலத்தை வாயுவின் இயல்பான அறிகுறி என்றே பலரும் கருதியிருந்தனர். உண்மையில், நோயாளிக்கு வந்தது பாதி வாயு மயக்கம், பாதி மூச்சுத் திணறல். வலுவான உடம்பினர் ஒரு நிமிடம் தாங்கினர். இதயம் நலிந்தவர்கள் தாங்குவார்கள் என்பதற்கு உறுதி என்ன? 1868-இல் சிகாகோ நகரத்து ரணசிகிச்சை நிபுணர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ், வாயுவோடு ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக் கொடுத்து, நீலம் பாயாமலே நோயாளியை நெடுநேரம் மயக்கத்தில் வைக்கலாம் என்று காட்டினார். நம் விஷயத்தில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், 1844-ஐ விட 1868-ஐத்தான் சொல்வேன். வெல்ஸின் பெயரை அறிந்தவர்களில் பலர் ஆண்ட்ரூஸின் பெயரைக் கேட்டதில்லை; அது உலக வழக்கம்.

இங்கே ஓர் எண்ணைக் கூற வேண்டும். மயக்க மருந்துகளின் வலிமையை ஒப்பிட வைத்தியர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாதிருக்க, சுவாசப் பைகளில் அந்த மருந்து எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதே அவ்வளவு. ஈதருக்கு அது ஏறக்குறைய 2. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104. நூறு சதவீதத்துக்கு மேல் ஒரு கலவையில் எதையும் சேர்க்க முடியாது என்பது கணக்குப் பாடம் படித்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே இயல்பான காற்றழுத்தத்தில், போதிய பிராணவாயுவும் கொடுத்துக்கொண்டு, இந்த ஒரு வாயுவால் மட்டுமே ஒருவரை முழு மயக்கத்தில் ஆழ்த்துவது இயலாது. பழைய வைத்தியர்கள் அதைச் சாதித்தது பிராணவாயுவைத் திருடித்தான்.

இன்றைய பல் வைத்தியர் முழு மயக்கத்தை நாடுவதே இல்லை. அவர் விரும்புவது அச்சம் தணிந்த ஒரு விழிப்பு நிலை. தணிவு என்று அதைக் குறிப்பிடுவோம். நோயாளி கண் திறந்திருப்பார். பெயர் சொல்லி அழைத்தால் விடை கூறுவார். "வாயை இன்னும் அகலமாகத் திறவுங்கள்" என்றால் திறப்பார். ஆனால் நெஞ்சு படபடக்காது. வலியை மாற்ற ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி தனியே உண்டு. வாயு அந்த ஊசிக்குப் பயப்படாமல் இருக்கச் செய்கிறது. ஊசி வலியை நீக்குகிறது. இந்த ஏற்பாட்டுக்கு 30 முதல் 40 சதவீத வாயு பெரும்பாலோருக்குப் போதும், மிச்சமெல்லாம் பிராணவாயு. அதாவது, நோயாளி அறைக்காற்றில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு பிராணவாயுவை அப்போது சுவாசிக்கிறார். தணிவும் மயக்கமும் ஒன்றல்ல என்பதை நண்பர்கள் நன்கு மனத்தில் வாங்க வேண்டும். பிரிட்டனில் பல் வைத்தியசாலைகளிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. உயிரிழப்புகள் நேர்ந்தபின், 2001 இறுதியோடு அது நிறுத்தப்பட்டு, முழு மயக்கம் ஆஸ்பத்திரிக்கு உரியது என்றாயிற்று. வாயுத் தணிவோ இன்றும் அங்கே பல் வைத்தியசாலைகளில் நடைபெறுகிறது.

இனி யந்திரத்துக்கு வருவோம். இரண்டு சிலிண்டர்கள், ஒன்றில் நைட்ரஸ் ஆக்சைடு, மற்றதில் பிராணவாயு. இரண்டும் ஓட்டமானிகளின் வழியாக வந்து கலந்து, ஒரு ரப்பர்ப் பையை நிரப்பி, குழாய் மூலம் நோயாளியின் மூக்கு மூடிக்குச் செல்கின்றன. பல் வைத்தியத்துக்கென்றே அமைந்த யந்திரத்தில், என்ன திருகினாலும் பிராணவாயு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. பிராணவாயு சிலிண்டர் தீர்ந்துபோனால், நைட்ரஸ் ஆக்சைடும் தானே நின்றுவிடும். துணையில்லாமல் வெளியே போகக்கூடாது என்று கட்டளையிட்ட வீட்டுப் பெண்ணைப் போல, பிராணவாயு இன்றி இவ்வாயு வாசற்படி தாண்டாது. சிலிண்டரை மாற்றி மாட்டிவிடாமலிருக்கவும் உபாயம் உண்டு. யந்திரத்தின் நுகத்தில் இரண்டு சிறு முட்கள் இருக்கும். சிலிண்டரின் வாயில் அவற்றுக்கு நேராக இரண்டு துளைகள் இருக்கும். பிராணவாயுவுக்கு இரண்டாம், ஐந்தாம் இடங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு மூன்றாம், ஐந்தாம் இடங்கள். முள்ளும் துளையும் பொருந்தாவிட்டால் சிலிண்டர் உட்காராது. நிறங்களும் உண்டு. நம் நாட்டில் நைட்ரஸ் ஆக்சைடு நீலம். பிராணவாயு கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். ஆனால் அமெரிக்காவில் பிராணவாயு பச்சை. நிறத்தை நம்புவதைவிட முள்ளை நம்புவது மேல்.

அப்படியானால் தீங்குக்கு இடமேயில்லை என்று சொல்லிவிடலாமா? யந்திரத்தின் அறிவு எவ்வளவு என்று பாருங்கள். பிராணவாயுக் குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்பதைத்தான் அது அறியும். அந்தக் குழாயில் வருவது பிராணவாயுதானா என்பதை அது அறியாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் வாயுக்கள் சுவருக்குள் ஓடும் குழாய்களில் வருகின்றன. சுவருக்குப் பின்னால் குழாய்களை ஒருவர் மாற்றி இணைத்துவிட்டால், முட்களும் நிறங்களும் காவல் காத்தும் பயனில்லை. இது வெறுங் கற்பனையன்று. 2016-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்த குழந்தைகளுக்கு மூச்சூட்டும் இடத்தில் பிராணவாயு என்று பெயரிட்ட குழாய் வாயிலில் நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. ஒரு குழந்தை இறந்தது. இன்னொரு குழந்தையின் மூளை பழுதுபட்டது. நம் நாஞ்சில் நாட்டிலும், நாகர்கோவிலில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில், 2011-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்மணிக்குப் பிராணவாயுவுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்டது. நினைவு திரும்பாமலே கிடந்து அவர் 2012-இல் இறந்தார். இரண்டும் பல் வைத்தியமல்ல. ஆயினும் இரண்டிலும் தீங்கு செய்தது நான் முதலில் சொன்ன அதே காரணம்: வாயு தனியே வந்தது. அதனால்தான் குழாய் வேலை நடந்த பிறகு, வாயிலில் வரும் வாயுவையே கருவி வைத்துச் சோதித்த பின்னரே நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நோயாளியின் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், குழாயின் பெயரைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது. ஆகவே அது இருப்பது நல்லது.

சிலிண்டரைப் பற்றி ரசாயன மாணவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. மேலே அதன் ஆவி. 20 பாகை வெப்பத்தில் உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 50 மடங்கு. திரவம் ஒரு சொட்டு இருக்கும் வரையில் அந்த அழுத்தம் ஏறக்குறைய மாறாது. முக்கால் சிலிண்டர் காலியான பின்னும் அழுத்தமானியின் முள் நிறைந்ததாகவே காட்டும். எவ்வளவு மிச்சம் என்று அறிய, நம் வீட்டு எரிவாயு உருளையைப் போல, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பிராணவாயு சிலிண்டர் அப்படியன்று. அது வாயுவாகவே இருப்பதால் முள் இறங்க இறங்க அளவும் இறங்கும். மேலும், 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. தலைநகரத்து மே மாத வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். வெயிலில் கிடக்கும் சிலிண்டருக்குள் திரவமே இராது. அழுத்தம் எழும்பிக்கொண்டே போகும். எனவே வெப்ப நாடுகளில், சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் 0.67 பங்குக்கு மேல் வாயு நிரப்புவதில்லை. குளிர் நாடுகளில் 0.75 பங்கு வரை நிரப்புவார்கள்.

யந்திரத்தைவிட முக்கியமானது நாற்காலியில் அமர்வதற்கு முன் வைத்தியர் கேட்கும் கேள்விகள். சென்ற தை மாதம் என் அண்ணன் மகளுக்கு, ஏழு வயதுக் குழந்தை, சொத்தைப் பல்லை அடைக்க வேண்டியிருந்தது. ஊசியைக் கண்டாலே வீடு இரண்டாகும். ஆகவே வாயு கொடுக்கும் வைத்திய அம்மையார் ஒருவரிடம் அண்ணியும் நானும் அழைத்துச் சென்றோம். அம்மையார் பல்லைப் பார்க்குமுன் மூக்கைப் பார்த்தார். குழந்தைக்கு நல்ல ஜலதோஷம். ஒரு பக்க மூக்கை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மூச்சுவிடச் சொன்னார், முடியவில்லை. "பத்து நாள் கழித்து வாருங்கள்" என்று வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணிக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. "இந்த ஊரிலே ஜலதோஷம் மாசி வரைக்கும் போகாது தம்பி. மூக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன்" என்றார். "சித்தப்பா, அப்போ ஊசி இல்லையா?" என்று குழந்தைக்கு ஒரே மகிழ்ச்சி.

சம்பந்தம் நிறைய உண்டு என்று பஸ்ஸில் வரும்போது அண்ணிக்கு எடுத்துச் சொன்னேன். வாயில் வேலை நடப்பதால் வாயு மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சுவிடும். அப்போது வாயு உள்ளே போகாது, அறைக்குள் பரவும். வைத்தியர் யந்திரத்தில் 40 என்று வைத்திருப்பார். குழந்தை எவ்வளவு வாங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. இது முதற்காரணம். இரண்டாவது காரணம் காது. நைட்ரஸ் ஆக்சைடு இரத்தத்தில் நைட்ரஜனைவிட 30 மடங்குக்கும் மேலாகக் கரையும். உடம்பில் காற்று அடைபட்ட இடம் எங்கேனும் இருந்தால், அங்குள்ள நைட்ரஜன் வெளியேறுவதைவிட வெகு விரைவாக இது உள்ளே புகுந்துவிடும். புகுந்த இடம் நெகிழக்கூடியதானால் பருக்கும். நெகிழாததானால் அழுத்தம் ஏறும். ஜலதோஷத்தில் காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாய் அடைத்திருந்தால் நடுக்காதில் அழுத்தம் ஏறி வலிக்கும். காதாவது வலியோடு போகும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்பவர்களுக்கும், குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் அது உயிர்ச் சங்கடம். கண்ணின் விழித்திரையை ஒட்டவைக்க அண்மையில் சிகிச்சை செய்து உள்ளே வாயுக் குமிழி வைக்கப்பட்டிருப்பவர்களுக்குக் குமிழி பருத்து இரத்த ஓட்டத்தை நெரித்துப் பார்வையையே பறித்துவிடக்கூடும். அந்தக் குமிழி வாரக்கணக்கில் தங்கும். பல் வைத்தியர் ஏன் கண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். அவசரமில்லாத வேலையானால் தள்ளிப்போடுவார்கள்.

இன்னொரு கேள்வியைப் பல வைத்தியர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பது அது. நம் உடம்புக்கு மிகச் சிறிதளவே வேண்டியதாகிய பி-12 என்னும் வைட்டமினின் நடுவே ஒரு கோபால்ட் அணு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு அந்த அணுவைத் தாக்கி ஆக்சிகரணம் செய்துவிடுகிறது. உடம்பில் வேறெதையும் தொடாமல் வெளியேறும் வாயு, இந்த ஓர் இடத்தில் மட்டும் தன் ரசாயனத்தைக் காட்டுகிறது. கெட்டுப்போன வைட்டமினை நம்பியிருந்த நொதியும் நின்றுவிடும். அது நின்றால் இரத்த அணுக்கள் உற்பத்தியும் நரம்புகளின் உறையும் பாதிக்கப்படும். இரணஜன்னி நோயாளிகளுக்கு நாட்கணக்கில் இவ்வாயுவைக் கொடுத்தபோது எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமற் போனதை 1956-இல் டென்மார்க் வைத்தியர்கள் வெளியிட்டனர். 1978-இல், இவ்வாயுவை வழக்கமாக முகர்ந்துவந்தவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் பல் வைத்தியர்களே, கைகால் மரத்து நடை தடுமாறியது பற்றிய செய்தி வந்தது. பி-12 போதிய அளவு உள்ளவருக்கு அரைமணி நேரத் தணிவால் கெடுதி வருவதில்லை. ஆனால் மாமிசமும் முட்டையும் உண்ணாது, பாலும் குறைவாகவே அருந்துபவர்களிடம் அது ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவினரான நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதத்தில் மதமதப்பு, காரணமில்லாத களைப்பு, இரத்தசோகை இவை இருந்தால், முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை, பிறகு வாயு. நகரத்து விருந்துகளில் பலூனில் அடைத்து இதை முகரும் பழக்கம் வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அங்கே பிராணவாயுச் சிலிண்டரும் இல்லை, நாடி பார்ப்பவரும் இல்லை. வாரந்தோறும் முகர்ந்து நரம்பு கெட்டவர்களைப் பற்றி வைத்திய ஏடுகள் இன்றும் எழுதிவருகின்றன. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

பத்து நாளல்ல, மூன்று வாரம் கழித்து மூக்கு தெளிந்தபின் குழந்தையை மறுபடி அழைத்துச் சென்றோம். அன்று அம்மையார் செய்ததை அருகிருந்து பார்த்தேன். முதலில் இரண்டு நிமிடம் வெறும் பிராணவாயு. ரப்பர்ப் பை மூச்சுக்கு ஏற்பச் சுருங்கி விரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். ஒட்டிப்போனால் வாயு போதவில்லை, புடைத்து நின்றால் மிகுதி, அசையாமலே இருந்தால் மூடி மூக்கில் பொருந்தவில்லை. பிறகு வாயுவைச் சிறுகச் சிறுக ஏற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நிறுத்தி, குழந்தையோடு பேச்சு. விரல் நுனியில் குறுகுறுப்பு, உடம்பில் இதமான சூடு, கைகால் கனம்: இவை வந்ததும் அதோடு நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் இத்தனை என்று ஒரே அளவைத் திருகி வைப்பது இந்த முறையில் பெருந்தவறு. ஒருவருக்கு 20 சதவீதத்தில் வரும் தணிவு மற்றொருவருக்கு 45-இல்தான் வரும். பேச்சுக்குப் பதில் வராமற்போவது, கண் ஒரே இடத்தில் நிலைப்பது, குமட்டல், வாய் தானே மூடிக்கொள்வது ஆகியவை அளவு மிஞ்சியதன் அறிகுறிகள். வாயைத் தானே திறந்து வைத்திருக்கும் வரைதான் நோயாளி விழிப்பிலிருக்கிறார் என்று கொண்டு, சில வைத்தியர்கள் வாயில் முட்டுக்கட்டை வைப்பதையே தவிர்க்கிறார்கள். அந்த அறையில் வைத்தியரோடு இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும். நோயாளியை ஒரு கணமும் தனியே விடாமலிருக்க அது தேவை. தவிர, அளவு மிகுந்தால் இவ்வாயு கனவுகளை உண்டாக்கும், கனவுக்கும் நடந்ததற்கும் வேறுபாடு தெரியாமற் போகும். இருவர் கண்ணெதிரே நடப்பதே இரு தரத்தார்க்கும் பாதுகாப்பு.

நோயாளிக்கு அரைமணி நேரம். அறையில் வேலை செய்பவர்களுக்கோ ஆண்டு முழுவதும். மூக்கு மூடியிலிருந்து கசிவதும், நோயாளி வாயால் விடுவதும் அவர்கள் சுவாசத்தில்தான் கலக்கின்றன. கழிவு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடில்லாத வைத்தியசாலைகளில் வாரத்துக்கு ஐந்து மணியும் அதற்கு மேலும் இவ்வாயுவில் வேலை செய்த பெண் உதவியாளர்களுக்குக் கருத்தரிப்பது தாமதப்படுவதாக 1992-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. உறிஞ்சும் ஏற்பாடு இருந்த இடங்களில் அக்குறை காணப்படவில்லை. இரட்டைச் சுவருள்ள மூக்கு மூடி, நிமிடத்துக்கு 45 லிட்டர் உறிஞ்சும் குழாய், கட்டடத்துக்கு வெளியே போய்த் திறக்கும் வாய் ஆகிய மூன்றும் வேண்டும். அங்கே வேலை கற்கப்போகும் நம் சகோதரிகள் ஒரு குழாயைக் கண்டதும் திருப்தியடையாமல், அதன் மறு முனை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த அறையில் போய்த் திறக்கும் குழாயை நானே பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் அம்மையார் நைட்ரஸ் ஆக்சைடை நிறுத்தினார், மூடியை எடுக்கவில்லை. இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு அப்போது வெள்ளமாக நுரையீரலுக்குள் திரும்பி வருகிறது. வெறுங்காற்றைச் சுவாசித்தால், அந்த வெள்ளத்தில் காற்றின் பிராணவாயு நீர்த்துப்போகும். இதை 1955-இல் ஃபிங்க் என்பவர் எடுத்துக்காட்டினார். நல்ல உடல்நிலையில் உள்ளவர்க்குக் குறைந்த அளவுத் தணிவில் இதனால் பெரிய மாறுதல் வருவதில்லை என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் கூறினாலும், ஐந்து நிமிடம் முழுப் பிராணவாயு கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. கழிவு வாயு அறைக்குள் வராமல் குழாயோடு போவதற்கும் அது உதவுகிறது. கூட்டம் மிகுந்த வைத்தியசாலையில் முதலில் சுருக்கப்படுவது இந்த ஐந்து நிமிடந்தான். "எழுந்திருக்கலாமா?" என்று குழந்தை இரண்டு முறை கேட்டது. அம்மையார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் நான்குக்கு வரட்டும் என்றார். வந்ததும் நாற்காலியை மெல்ல நிமிர்த்தி, கீழே இறங்கச் சொல்லி, கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார். நேராக நடந்தது. அதன் பிறகே எங்களிடம் ஒப்படைத்தார்.